பொருள்: ஒரு வார்த்தை எழுதித் தரக் கோருதல்

வெண்மதிக்குக் காதல் கடிதம் எழுத வராது. அதை அவளே ஒப்புக்கொள்வாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில், ராஜாமணி அக்காவின் ஜெராக்ஸ் கடையில் ஐந்து வருஷமாக மனு டைப் அடிப்பவள் அவள். பட்டா கேட்டு, பாதை கேட்டு, முதியோர் பென்ஷன் கேட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளன்று மட்டும் அறுபது மனு அடிப்பாள். ஊர்ப்பட்ட கஷ்டத்தையெல்லாம் நாலு பத்தியில் அடக்கி, ‘ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்துக் கொடுக்கும் விரல்கள், சொந்த விஷயம் என்று வந்ததும் மக்கர் பண்ணின.

அந்தச் சொந்த விஷயத்தின் பெயர் கதிரவன். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரன், ராணுவத்தில் சிப்பாய். மூன்று வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது, அம்மாவுக்கு விதவை பென்ஷன் கேட்டு மனு அடிக்க அவள் கடைக்கு வந்தான். மனு அடித்தாயிற்று, கொடுத்தாயிற்று, அடுத்த மாதமே பென்ஷனும் வந்தாயிற்று. அதற்குப் பிறகும் லீவு முடிகிறவரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து வரிசையில் நின்றான். “இந்தத் தம்பிக்கு என்னாதான்டி குறை?” என்று ராஜாமணி அக்கா கேட்டபோதுதான் வெண்மதிக்கே உறைத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் செல்போனில் வளர்ந்தது. இந்தக் காலத்துக் காதலுக்குத் தபால்காரர் எதற்கு? ஆனால் சித்திரைக் கடைசியில் எல்லையில் சண்டை மூண்டது. கதிரவன் இருந்த படையை மலைமேல் ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன் எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சண்டை நின்றுவிட்டதாக டிவியில் சொன்னார்கள். மேலே போனவர்களை யாரும் கீழே இறக்கவில்லை, பெட்டியையும் திறக்கவில்லை.

பதினைந்து நாள் வெண்மதி சோறு தின்னவில்லை என்று சொன்னால் அது பொய். தின்றாள், ருசி தெரியவில்லை. பதினாறாம் நாள் சாயங்காலம் கடலூரிலிருந்து பஸ் பிடித்து, வீடிருக்கும் சிதம்பரத்தில் இறங்கியபோது, பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே சிலம்பரசன் நின்றிருந்தான். கதிரவனோடு பிளஸ் டூ படித்தவன், தெற்கு வீதியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்.

“தங்கச்சி, செல்போன் கடைக்காரனுக்கு லெட்டர் வந்திருக்கு. எவன் கிட்டயும் சொல்லிடாத, தொழில் படுத்துடும்” என்றபடி ஒரு கவரை நீட்டினான்.

கவருக்குள் இரண்டு தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவனுக்கு. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. வீட்டு விலாசத்துக்கு வந்தால் அவள் அப்பா கையில்தான் முதலில் கிடைக்கும் என்பதால், எல்லாம் சிலம்பரசனின் கடை விலாசத்துக்கே வந்தன. அவளுக்கு எழுதுவதில் பனி அழகாயிருக்கிறது, சப்பாத்தி பழகிவிட்டது, மலையாடு ஒன்று தினமும் வந்து எட்டிப் பார்க்கிறது என்று இருக்கும். சிலம்பரசனுக்கு என்ன எழுதுவான் என்று அவள் கேட்டதில்லை. படித்து முடித்ததும் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணிக்கிற அவசரத்திலேயே, அதில் மலையாடு இல்லை என்பது தெரிந்துவிடும்.

பதில் எழுத வேண்டுமே. வெண்மதி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு முழுப் பக்கம் கையால் எழுதியதே இல்லை. என்ன எழுதுவது, எங்கே தொடங்குவது என்று ஒன்றும் பிடிபடவில்லை. கை தானாக இடது ஓரத்தில் ‘அனுப்புநர்’ என்று எழுதிற்று. சரி, அது இருக்கட்டும் என்று விட்டாள். பிறகு ‘பெறுநர்’ வந்தது. பிறகு ‘ஐயா’. அதற்குக் கீழே, ‘பொருள்: நலம் விசாரித்தல் – தொடர்பாக’. ஐந்து வருஷப் பழக்கம் லேசில் போகுமா? தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் காதலனை ‘ஐயா’ என்று கூப்பிட்டிருப்பது நினைவுக்கு வந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. ‘பார்வை: தங்கள் மனு. மேற்படி மனு பரிசீலிக்கப்பட்டது. மனுதாரர் விசாரித்த நலம் இங்கே நல்ல நிலையில் உள்ளது. மனுதாரரின் முகத்தைப் பார்க்கக் கோரும் எதிர் மனு ஒன்று நிலுவையில் உள்ளது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.’ தெற்கு வீதியில், ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, வெண்மதி வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. சிலம்பரசன் தன் தாளைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அந்த நடையை விடவில்லை. ஆனி முடிவதற்குள் அவளிடம் ஐந்து கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஆறாவது வருவதற்குள்தான் வினை வந்தது.

வெண்மதியின் அப்பா கொளஞ்சியப்பன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாற்பது வருஷம் ஜனங்களைப் பார்த்துப் பார்த்து, யார் எந்த ஸ்டாப்பில் இறங்குவார்கள் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவார். மகளின் முகத்தைப் படிக்க அவருக்கு எவ்வளவு நேரமாகும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து நேராகவே கேட்டார்.

“அந்த மிலிட்டரி பையன் தானே?”

அவள் தலையைக் குனிந்தாள். அதுவே பதிலாயிற்று.

“எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. நல்ல பையன்னுதான் கேள்விப்பட்டேன். ஆனா மூணு வருஷமா ஒரு ஆம்பள எம்பொண்ணுகிட்ட பேசறான், எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்கல. அதான் எனக்குப் புடிக்கல. ஸ்ரீமுஷ்ணத்துலேந்து ஒரு எடம் வந்திருக்கு. ஆடி முடிஞ்ச மறு நாளு பொண்ணு பாக்க வரேங்கறாங்க. அதுக்குள்ள அவன் எழுத்துல ஒரு வார்த்த குடுக்கட்டும். வாய்ப்பேச்சு எனக்கு வேணாம். ஏழு வருஷமா வாய்ப்பேச்சு ஜாஸ்தியா கேட்டுட்டேன்.”

ஏழு வருஷம் என்று அவர் சொன்னது தன் வீட்டுமனைப் பட்டாவை. எந்தெந்த அலுவலகத்துக்கோ எழுதி எழுதி அலுத்தவர். மகள் மனு அடிக்கிற கடையிலேயே அடித்துக் கொடுத்த மனு அவருடையது. ‘பார்க்கலாம், வரும்’ என்கிற வார்த்தையைத் தவிர இதுவரை ஒரு துண்டுத் தாள்கூட அவர் கைக்கு வரவில்லை.

அப்பா கேட்டதில் தப்பில்லை என்பதுதான் வெண்மதிக்குப் பெரிய சங்கடம். ஒரு வரி எழுதினால் கதிரவன் உடனே பதில் எழுதுவான். ஆனால் அந்த வரியை மலைமேல் இருப்பவனுக்கு எழுதலாமா? “இங்க பொண்ணு பாக்க வராங்கன்னு கேட்டுட்டு அவன் ராத்திரி பூரா துப்பாக்கியப் புடிச்சுக்கிட்டு நிக்கணுமாண்ணே?” என்று சிலம்பரசனிடம் கேட்டாள். அவன் வழக்கத்துக்கு மாறாகக் கிண்டல் பண்ணாமல், சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “இப்ப வேணாம் தங்கச்சி. அங்க நெலம சரியில்ல” என்றான்.

ஆடி பிறந்தது. முதல் திங்கட்கிழமை காலை, கடை திறந்ததும் கூட்டம் வருவதற்கு முன், வெண்மதி மனசில் இருந்ததையெல்லாம் கதிரவன் பேருக்கு, தன் வீட்டு விலாசம், செல்போன் எண் சகிதம், மனுவாகவே கம்ப்யூட்டரில் அடித்தாள். அனுப்புவதற்காக அல்ல. அடித்துவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தாள். அடித்ததைப் பிரிண்ட் எடுத்தாள், பழக்க தோஷத்தில் கீழே கையெழுத்தும் போட்டாள். கிழிக்கத் தாளைக் கையில் எடுத்தபோது ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கியது. லால்பேட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வீட்டுமனை கேட்டு வந்தவர்கள், பதினேழு பேர். அவள் தாளைப் பிரிண்டர் தட்டிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். பதினேழு மனுவும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் விழுந்தன. ஊர்க்காரர்களைக் கூட்டி வந்த ஆண்டி என்பவர் அத்தனையையும் வாரிக் கட்டி, கையெழுத்து வாங்கி, எதிரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் அவள் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘தங்கள் மனு பெறப்பட்டு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று ஒரு எண்ணோடு இருந்தது. நான் எங்கே மனு கொடுத்தேன் என்று யோசித்தவள், சட்டென்று திரும்பித் தட்டைப் பார்த்தாள். தட்டு துடைத்துவிட்டது போல் இருந்தது.

செருப்பு மாட்டக்கூட நிற்காமல் ரோட்டைத் தாண்டி ஓடினாள். கவுண்டரில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்து, “ராணுவ சம்பந்தமான மனுவாம்மா? படைவீரர் நலப் பிரிவுக்குப் போயி, அவுங்க மேல அனுப்பிட்டாங்க. உங்க மனு ரொம்ப சுத்தமா இருந்துச்சு. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் கரெக்டு” என்று பாராட்டினார்.

“சார், அது தப்பா வந்துடுச்சு. திரும்ப வாங்கணும்.”

“வாங்கலாமே. மனுவைத் திரும்பப் பெறக் கோரி ஒரு மனு எழுதிக் குடுங்க.”

அவர் நீட்டிய வெள்ளைத் தாளை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். அனுப்புநர் எழுதினாள். பெறுநர் எழுதினாள். ‘பொருள்’ என்று எழுதிவிட்டு அதற்குமேல் கை போகவில்லை. அந்த மனுவில் அவள் அடித்தது இதுதான்:

‘ஐயா, தாங்கள் கடந்த மூன்று ஆண்டுகளாக என்னைக் காதலித்து வருகிறீர்கள். இதற்கு ஆதாரமாகக் கடிதங்கள் என்னிடம் உள்ளன. என் தந்தை இது தொடர்பாகத் தங்களிடமிருந்து ஒரு வார்த்தையை எழுத்துமூலம் கேட்கிறார். ஆடி முடிந்ததும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். இதைச் சொல்லித் தங்களை அங்கே கலங்க வைக்க எனக்கு விருப்பமில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மலையாடு தவிர அங்கே வேறு என்னவெல்லாம் வருகிறது என்று தாங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஆகவே ஐயா அவர்கள் ஒரு வார்த்தை எழுதித் தருமாறும், முழுசாகத் திரும்பி வர ஆவன செய்யுமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.’

இதில் எந்த வரி பொய், எதைத் திரும்ப வாங்குவது? எல்லாமே அவள் சொல்ல நினைத்தவைதான். போகட்டும், போய்ச் சேரட்டும் என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள். ராஜாமணி அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் சிரித்தாள். “ஊரு சனத்துக்கெல்லாம் மனு அடிச்ச, உனக்குன்னு ஒண்ணு போட வேணாமா? போட்டது நல்லதுதான்” என்றாள்.

பதினாலு நாள் கழித்துச் சிலம்பரசன் அவளைக் கடைக்குக் கூப்பிட்டான். கவரில் அவளுக்குத் தாள் இல்லை. அவனுக்கு மட்டும் ஒன்று இருந்தது. முதல்முறையாக அதை அவள் கையிலேயே கொடுத்தான்.

‘மச்சான், அவசரம். என் பேர்ல கலெக்டர் ஆபீஸ்லேந்து ஏதோ மனு வந்திருக்காம். ஒரு பொண்ணு கொடுத்ததாம். தமிழ்ல இருக்கறதால கர்னல் சாருக்குப் படிச்சுக் காட்ட நம்ம கடலூர் ஓல்டு டவுன்காரர் சுபேதார் தேவசகாயம் சாரைக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில நான் யூனிஃபார்ம் போட்டு ஆஜராகணும். எந்தப் பொண்ணுடா? நான் எவளையும் ஏறெடுத்தும் பாத்ததில்லையே. போன வாரம் பக்கத்து பங்கர்ல குண்டு விழுந்தப்பகூட எனக்குக் கை இப்படி நடுங்கல. யாருன்னு விசாரிச்சு எழுது. மதிகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத.’

வெண்மதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குண்டு விழுந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சிலம்பரசன் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தான். அந்தச் சட்டைப்பைக்குள் இத்தனை நாள் எதைச் சுமந்துகொண்டு அவன் தன்னிடம் கிண்டல் பேசிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன்மேல் இருந்த மதிப்பு இரண்டு மடங்காயிற்று.

ஆடி முடிய எட்டு நாள் இருக்கும்போது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். மடியில் அரசாங்க முத்திரை குத்திய பெரிய பழுப்புக் கவர். மனுவில் இருந்த வீட்டு விலாசத்துக்கே பதில் வந்துவிட்டது. பிரித்தும் ஆயிற்று.

“எப்பக் குடுத்த இந்த மனுவ?”

“ஆடி மொத திங்கக்கெழமப்பா.”

“இருபது நாளு” என்றார் அவர். விரல் விட்டு எண்ணியிருக்கிறார். “இருபது நாள்ல பதிலு. முத்திர வெச்சு, தேதி போட்டு. நான் ஏழு வருஷமா நடக்கறேன்.” கோபமா, பொறாமையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. “இந்தா, படி.”

மேலே ஆங்கிலத்தில் நாலு வரி. விசாரிக்கப்பட்டது, வாக்குமூலம் இணைக்கப்பட்டுள்ளது, மேற்படி சிப்பாய்க்குச் செப்டம்பர் இருபதாம் தேதி வாக்கில் இருபது நாள் விடுப்பு பரிசீலனையில் உள்ளது என்று கர்னலின் கையெழுத்தோடு இருந்தது. அதற்குக் கீழே அவளுடைய மனுவின் நகல். அதற்குக் கீழே கதிரவனின் கையெழுத்தில் ஒரு தாள், அடியில் வட்ட முத்திரை.

‘மனுதாரர் கூறியவை உண்மை. மூன்று ஆண்டுகள் என்பது மட்டும் தவறு, மூன்று ஆண்டும் நான்கு மாதமும் ஆகிறது. மனுதாரரின் தந்தை திரு. கொளஞ்சியப்பன் அவர்களிடம், தங்கள் மகளை எனக்குத் திருமணம் செய்து தருமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன். போன லீவிலேயே நேரில் வந்து கேட்டிருக்க வேண்டும். உங்கள் தெரு முனை வரை வந்தேன். பயந்துகொண்டு திரும்பிவிட்டேன். மன்னிக்கவும். முழுசாகத் திரும்பி வருவது குறித்து: அதற்கு உறுதி தர எனக்கு அதிகாரம் இல்லை. ஆவன செய்து வருகிறேன்.’

ஓரத்தில் வேறொரு கையெழுத்தில் ஒரு வரி: ‘படித்துக் காட்டியது நான். பையன் தங்கமானவன். சாட்சி, தேவசகாயம், சுபேதார், கடலூர் ஓ.டி.’

அவள் நிமிர்ந்தபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள். அவர் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டி, முகத்தைச் சுளித்தார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். இரவு நாள்காட்டியையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார். வெண்மதி விடிய விடியப் புரண்டாள்.

காலையில் அவள் கிளம்பும்போது அவரும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். “எங்கப்பா?” என்றதற்கு, “வா” என்று முன்னால் நடந்தார். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, புதுச்சத்திரம் வரை கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். கடைக்கு வந்ததும், வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளெதிரே உட்கார்ந்தார். ராஜாமணி அக்கா டீ சொல்லவா என்று கேட்டதைக்கூடக் காதில் வாங்கவில்லை.

“ஒரு மனு அடிக்கணும்” என்றார்.

“பட்டாவுக்காப்பா?”

“பட்டா கெடக்குது. அடி. பெறுநர், அந்தக் கர்னல். பொருள், லீவு தேதிய மாத்தக் கோருதல்.”

அவள் அடித்தாள். எதற்கு மாற்ற வேண்டும் என்று விளங்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸில் ஸ்டாப் பேர் சொல்கிற அதே கணீர்க் குரலில் சொல்லத் தொடங்கினார்.

“ஐயா. தாங்கள் லீவு குடுத்திருக்கும் புரட்டாசி மாசத்துல எங்க பக்கம் கல்யாணம் பண்ண மாட்டோம். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்ல. ஆகவே, எங்க மாப்பிள்ளை கதிரவனுக்கு ஐப்பசி மாசத்துல...”

விசைப்பலகைச் சத்தம் நின்றது. ராஜாமணி அக்கா ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் திறந்தபடியே நின்றாள்.

“என்னா பாத்துக்கிட்டு இருக்க? அடி. மாப்பிள்ளை கதிரவன்.”

“அப்பா, ஸ்ரீமுஷ்ணத்துக்காரங்க?”

“நேத்தே போன் பண்ணி வர வேணாம்னுட்டேன். தெரு மொன வரைக்கும் வந்துட்டு எனக்குப் பயந்து திரும்புன பையன், அங்க குண்டுக்கு நடுவுல நின்னுக்கிட்டு எங்கிட்ட எழுத்துல கேட்டிருக்கான். நான் வேற யாருக்குப் பொண்ணு குடுப்பேன்?” குரல் கொஞ்சம் இறங்கிற்று. “ரெண்டு காப்பி எடு. ஒண்ணு கர்னலுக்கு. ஒண்ண எடுத்துக்கிட்டு நான் அவுங்க அம்மாவப் போய்ப் பாத்துட்டு வரேன். இப்பக் கௌம்புனா மத்தியானத்துக்குள்ள காட்டுமன்னார்கோயில் போயிடலாம்.”

“ஆடி இன்னும் முடியலையேப்பா. நல்ல காரியம் பேச...”

“அது பாட்டுக்கு முடியட்டும்” என்றார் கொளஞ்சியப்பன். “நீ அடிம்மா.”

எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொள்ள நேரமில்லாமல், ஐந்து வருஷத்தில் ஒரு தப்பும் விடாத வெண்மதி, ‘மாப்பிள்ளை’ என்ற சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்து அழித்து, நாலாம் தடவை சரியாக அடித்தாள்.